அத்தியாயம் 7: இல்லாத பலத்தை எப்போது காட்டுவது

"நாளைக்கு ஒரு ஆள் மலைக்கு ஏறாது." துரையின் மேசைக்கு முன்னால் நின்று இதைச் சொல்ல ஒரு நொடி போதும். மறுநாள் காலை பிரட்டுக்களத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் அந்தச் சொல்லின் பெறுமதி தெரியும். எல்லாரும் நிற்பார்கள் என்ற உறுதியோடு சொன்னால் அது எச்சரிக்கை. பாதிப் பேர்கூட நிற்கமாட்டார்கள் என்று மனதுக்குள் தெரிந்தே சொன்னால் அது வெற்று மிரட்டல். தோட்டத் தலைவராகவோ மாதர் சங்கத் தலைவியாகவோ இருக்கும் ஒவ்வொருவரும் என்றாவது ஒரு நாள் அந்த இரண்டாவது நிலையில் நிற்கவேண்டி வரும். சங்கங்கள் பிளந்து கிடக்கும், தீபாவளி முற்பணம் இன்னும் கைக்கு வந்திருக்காது, மலையில் கொழுந்தும் குறைவாக இருக்கும். ஆனாலும் பிரச்சினை இந்தக் கிழமைக்குள் தீரவேண்டியதாக இருக்கும்.

மிரட்டவே கூடாது என்று இந்த நூல் சொல்லப்போவதில்லை. பலம் குறைந்தவர்களுக்கு மூடிய கை ஒரு பாதுகாப்பு. எப்போது மிரட்டலாம், எப்போது வாயையே திறக்கக் கூடாது, மிரட்டி மாட்டிக்கொண்டால் எப்படி இறங்குவது என்பதை டயகம, அக்கரப்பத்தனை, தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டங்களை மனதில் வைத்து இங்கே எழுதுகிறேன்.

நடுவில் கிடக்கும் பணம்

இந்தக் கேள்வியைப் போக்கர் ஆட்டத்தை ஆராய்ந்தவர்கள் அளவுக்குத் துல்லியமாக வேறு யாரும் கணக்குப் போட்டதில்லை. ரம்மியும் முந்நூற்றுநாலும் மட்டும் தெரிந்தவர்களுக்காக ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆட்டக்காரர் தன் சீட்டை மறைத்துக்கொண்டு நடுவில் பணம் வைக்கிறார். எதிராளி அதே அளவு பணம் வைத்துச் சீட்டைக் காட்டச் சொல்லலாம். அல்லது தன் சீட்டைப் போட்டுவிட்டு விலகலாம். எதிராளி விலகிவிட்டால், கையில் ஒன்றுமே இல்லாதவருக்கும் நடுவில் கிடக்கும் பணம் முழுவதும் போய்ச் சேரும். யாரும் அவர் சீட்டைப் பார்க்க முடியாது.

நடுவில் 100 ரூபா கிடக்கிறது, நீங்கள் வெறும் கையோடு 50 ரூபா வைத்து மிரட்டுகிறீர்கள் என்று வையுங்கள். எதிராளி மூன்று முறையில் ஒரு முறை விலகினாலே உங்களுக்கு நட்டமில்லை. ஒரு முறை 100 வருகிறது, மற்ற இரண்டு முறையும் ஐம்பது ஐம்பதாகப் போகிறது. ஐம்பதுக்குப் பதிலாக 100 ரூபா வைத்து மிரட்டினால் இரண்டு முறையில் ஒரு முறை அவர் விலகியாகவேண்டும். பெரிய மிரட்டல் அடிக்கடி பலித்தால்தான் கட்டும். சின்ன மிரட்டல் எப்போதாவது பலித்தாலும் போதும். "காலவரையற்ற வேலைநிறுத்தம்" என்று எடுத்த எடுப்பில் அறிவிக்கும் தலைவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை. கோரிக்கை ஒரு கழிவறைக் கதவு, மிரட்டலோ முழுத் தோட்டத்தின் சம்பளம் என்றால், அந்த ஆட்டத்தை எத்தனை முறை ஆடினாலும் நட்டம்தான்.

இன்னொரு பாடம் 1944இல் ஜோன் வொன் நியூமனும் ஒஸ்கார் மோர்கன்ஸ்டேர்னும் எழுதிய விளையாட்டுக் கோட்பாட்டு நூலில் இருக்கிறது. போக்கரை எளிமையாக்கி அவர்கள் போட்ட கணக்கில், மிக நல்ல சீட்டோடும் மிக மோசமான சீட்டோடும் பெரிய தொகை வைக்கலாம், நடுத்தரச் சீட்டோடு வைக்கக் கூடாது என்று முடிவு வந்தது. காரணம் நியாயமானது. நடுத்தரச் சீட்டுக்கு அதற்கென்று ஒரு பெறுமதி இருக்கிறது. அதை வைத்து மிரட்டினால், உங்களைவிட மோசமான சீட்டுள்ளவர் விலகிவிடுவார், நல்ல சீட்டுள்ளவர் நின்று உங்களை வெல்வார்.

தோட்டத்தில் இது எப்படிப் பொருந்தும்? ஒருவருக்குச் செக்ரோலில் மூன்று நாள் பேர் விழவில்லை, வேலைக்குப் போனதற்குச் சாட்சி இருக்கிறது. அல்லது பல மாதமாகச் சேமலாப நிதிக் காசு கட்டப்படவில்லை, சம்பளத் துண்டுகள் கையில் இருக்கின்றன. இது நடுத்தரக் கை. இதற்கு மிரட்டல் வேண்டாம். எழுதிக் கொடுங்கள், தொழில் அலுவலகத்துக்குப் போங்கள், விசாரணையில் வெல்லுங்கள். கொஞ்சம் தாமதமாகும், ஆனால் கிடைக்கும். இதே விஷயத்துக்கு "மலைக்கு ஏறமாட்டோம்" என்று கிளம்பினால், துரை பேசவேண்டிய விஷயம் செக்ரோலை விட்டு வேலைநிறுத்தத்துக்கு மாறிவிடும். உங்கள் ஆதாரத்தை நீங்களே மூடிவைத்ததாகிவிடும். சட்டத்தில் எழுதாத, எந்த அலுவலகத்திலும் வழக்காக ஆகாத, அதே நேரம் ஆட்களை அன்றாடம் வாட்டும் விஷயங்களுக்குத்தான் மிரட்டலைச் சேமித்து வைக்கவேண்டும்.

துரைக்கு ஏற்கனவே தெரிந்தவை

போக்கர் மேசையில் இரண்டு பக்கமும் சீட்டு மறைவாக இருக்கும். தோட்டத்தில் அப்படியில்லை. உங்கள் சந்தா துரையின் ஆபீசில்தான் சம்பளத்திலிருந்து வெட்டப்படுகிறது. எந்தச் சங்கத்துக்கு எத்தனை பேர், போன மாதம் யார் விலகினார்கள், யார் மாறினார்கள் என்பது உங்களுக்குத் தெரிவதற்கு முன்பே அங்குள்ள கிளார்க்கருக்குத் தெரியும். ஒரு வேலைத்தலத்தில் 40 சதவீதத்துக்குக் குறையாத உறுப்பினர் உள்ள சங்கத்தோடு பேசமாட்டேன் என்று முதலாளி மறுக்கமுடியாது என்பது 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு கைத்தொழில் பிணக்குச் சட்டத்தில் வந்த பாதுகாப்பு. அந்த 40ஐத் தொட்டவர்கள் அதைத் தைரியமாகச் சொல்லுங்கள். 25இல் இருப்பவர்கள் "முழுத் தோட்டமும் எங்க பக்கம்" என்று சொல்லவேண்டாம். திறந்து கிடக்கும் சீட்டை வைத்து மிரட்டமுடியாது.

அவருக்குத் தெரியாதது வேறு. சந்தா கட்டாதவர்களும் கோபத்தில் சேர்ந்து நிற்பார்களா? மற்றச் சங்கத்துத் தலைவரோடு நேற்று இரவு நீங்கள் பேசினீர்களா? பக்கத்து டிவிஷனும் சேருமா? ஸ்டோரில் வேலை செய்பவர்கள் என்ன நினைக்கிறார்கள்? மறைந்திருக்கும் சீட்டுகள் இவைதான். அதனால் மிரட்டலுக்குப் போவதற்கு முந்தைய நாள் மற்றச் சங்கத் தலைவரின் வீட்டுக்குப் போய், எல்லோரும் பார்க்கும்படி வாசலில் இருந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டு வாருங்கள். முடிவு எதுவும் எட்டாவிட்டாலும் பரவாயில்லை. கணக்கப்பிள்ளை வழியாகவோ காவல்காரர் வழியாகவோ விடிவதற்குள் செய்தி பங்களாவுக்குப் போய்விடும். அந்த ஒரு மணி நேரம் பத்துத் துண்டுப்பிரசுரத்தைவிடப் பெரிது.

கொழுந்தின் காலம்

மிரட்டலின் பலம் காலண்டரில் இருக்கிறது. டயகமப் பக்கம் ஹோட்டன் சமவெளியின் அடிவாரம். டிம்புல வட்டாரத்துக்கே உரிய தரக்காலம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. காற்றும் வறட்சியும் சேர்ந்து கொழுந்தைக் குறைத்து வாசனையைக் கூட்டும், கொழும்பு ஏலத்தில் தூளுக்கு நல்ல விலை போகும். அதே மாதங்களில்தான் பனி விழுந்து செடி கருகுவதும் நடக்கும். ஏப்ரல் மழைக்குப் பிறகு கொழுந்து குவியும். தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களில் மறுபடி குறையும்.

கொழுந்து குவியும் காலத்தில் ஏழெட்டு நாளுக்கு ஒரு முறை அதே மலைக்குத் திரும்பி வந்தாகவேண்டும். சுற்றுத் தவறினால் இலை முத்திவிடும். முத்தினதை வெட்டி எறிந்து, செடி மறுபடி துளிர்க்கும் வரை காத்திருக்கவேண்டும். அந்தக் காலத்தில் "ஆளுங்க ஏறமாட்டாங்க" என்ற சொல் துரையைத் தூங்கவிடாது. பனியில் கருகிய மலையைக் காட்டி அதே சொல்லைச் சொன்னால் உள்ளுக்குள் அவருக்கு நிம்மதிதான். கொழுந்தும் இல்லை, பேரும் போடவேண்டாம், சம்பளம் மிச்சம். வறட்சி மாதத்தில் தொடங்கிய பல போராட்டங்கள் நீண்டு இழுபட்டதற்கு இதைவிட வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

எண்ணாகப் பாருங்கள். 200 பேர் தலைக்கு 18 கிலோ எடுக்கும் ஒரு நாளில் 3,600 கிலோ பச்சைக் கொழுந்து. நாலரைக் கிலோவுக்கு ஒரு கிலோ தூள் என்றால் 800 கிலோ. ஒரு நாள் நின்றுவிட்டால் இந்த 800 கிலோவும் தோட்டத்துக்கு நட்டமா? இல்லை. கொழுந்து செடியில்தான் நிற்கும், அடுத்த நாள் கொஞ்சம் நீண்டு போய்க் கூடைக்கு வரும். ஆட்களின் சம்பளமோ அன்றோடு போய்விட்டது. 2024 செப்டெம்பரில் வந்த 1,350 ரூபாவைக் கணக்கில் எடுத்தால், 200 பேருக்கு 2,70,000 ரூபா. முதல் இரண்டு மூன்று நாள் நட்டம் முழுக்க லயத்துப் பக்கம், ஒரு வாரம் தாண்டிய பிறகுதான் அது பங்களாப் பக்கம் சாயத் தொடங்கும். துரைமாருக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். ஆகவே ஒரு நாள் நிறுத்தம் என்ற மிரட்டலுக்கு அவர் அசைவது கொழுந்துக்காக அல்ல, அந்த ஒரு நாள் ஒன்பது நாளாகிவிடுமோ என்ற பயத்துக்காக. நீங்கள் உண்மையில் விற்பது அந்தப் பயத்தைத்தான்.

யாருடைய பணம்

போக்கர்காரர் தன் பணத்தை வைத்து மிரட்டுகிறார். தோற்றால் தன் வீட்டுக்கு வெறுங்கையோடு போகிறார். தலைவர் வைப்பது மற்றவர்களின் அரிசிக் காசு. வேலைநிறுத்தம் பிசகினால் மாதக் கடைசியில் சம்பளத் துண்டில் கடை பாக்கியும் வங்கிக் கடனும் வெட்டுப்பட்டு மிச்சம் ஒன்றுமில்லாமல் நிற்கப்போவது கொழுந்தெடுக்கும் பெண்கள். பல தோட்டங்களில் கமிட்டியில் ஆண்கள் மட்டும் கூடிக் கோவிலடியில் முடிவெடுத்துவிட்டு, காலையில் மலையடியில் வைத்து அறிவிக்கிறார்கள். இது எனக்குத் தாங்கமுடியாத பழக்கம். நட்டப்படப்போகிறவர்களைக் கேட்காமல் அவர்கள் பணத்தை நடுவில் வைக்க எந்தத் தலைவருக்கும் உரிமை கிடையாது. மிரட்டல் வெற்றுக் கையோடுதான் போகிறது என்றாலும், அது பலிக்காவிட்டால் எத்தனை நாள் தாங்குவீர்கள் என்று மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் அக்காமாரிடம் கேளுங்கள். "ரெண்டு நாள் பாக்கலாம் தம்பி, அதுக்கு மேல முடியாது" என்று ஒரு பதில் வரும். அந்த இரண்டு நாள்தான் உங்கள் கையிருப்பு. அதற்கு மேல் ஒரு சதம்கூட உங்களுடையது இல்லை.

பணத்தோடு முடியாத நேரங்களும் உண்டு. 1940 ஜனவரியில் முல்லோயாவில் பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் இறந்தார். 1956இல் இதே டயகமவில், வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டு ஏப்ரஹாம் சிங்கோ இறந்தார். சிங்களத் தொழிலாளி. தமிழ்த் தொழிலாளர்களோடு ஒன்றாக நின்றவர். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில், தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்த போராட்டத்தில் சிவனு லெட்சுமணன். இவை எதுவும் வெற்று மிரட்டல் அல்ல, உண்மையான போராட்டங்கள். இங்கே சொல்வதற்குக் காரணம் ஒன்றே. தோட்டத்தில் பொலிஸ் ஜீப் ஏறிவிட்டால் ஆட்டம் உங்கள் கையிலும் இல்லை, துரையின் கையிலும் இல்லை. தூள் லொறியை மறிப்போம், ஸ்டோரைப் பூட்டுவோம் என்ற சொற்கள் ஜீப்பைக் கூப்பிடும் சொற்கள். ஆட்கள் உறுதியாக நின்று, சட்ட உதவியும் தயாராக இருக்கும்போதுகூட அவற்றை யோசித்துத்தான் சொல்லவேண்டும். வெறும் கையோடு ஒருபோதும் சொல்லாதீர்கள்.

1984இல் காட்டிய சீட்டு, 1986இல் காட்டாத சீட்டு

மலையகத்தில் மிரட்டல் மிகச் சிறப்பாகப் பலித்த இடம் எது என்று கேட்டால் 1986ஆம் ஆண்டுப் பிரார்த்தனைப் போராட்டத்தைத்தான் சொல்வேன். ஆனால் அதை 1984இலிருந்து படிக்கவேண்டும்.

1984 ஏப்ரலில் மலையகம் ஒன்பது நாள் நின்றது. அப்போது தோட்டங்கள் அரசுடைமை, மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நடத்தின. உலகச் சந்தையில் தேயிலை விலை எகிறிக் கிடந்த காலம். மாதமோ கொழுந்து குவியும் ஏப்ரல். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் அதே அரசாங்கத்தின் அமைச்சராக இருந்துகொண்டே அந்தப் போராட்டத்தின் முன்னணியில் நின்றார். சங்க வேறுபாடு பாராமல் ஆட்கள் நின்றார்கள். சம்பளம் கூடியது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பது அந்த ஒன்பது நாளில் வந்தது. எதிராளி சீட்டைக் காட்டச் சொன்னார், காட்டப்பட்டது, கை பலமானதாக இருந்தது.

இரண்டு வருடம் கழித்து, 1986 தைப்பொங்கல் நாளான ஜனவரி 14இலிருந்து மூன்று மாதத்துக்குக் காலை நேரத்தில் வேலைக்கு இறங்காமல் பிரார்த்தனை செய்வது என்று காங்கிரஸ் அறிவித்தது. கோரிக்கை சம்பளம் அல்ல, பிரஜாவுரிமை. 1948இல் பறிக்கப்பட்டு, 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலை எண்ணிப் பங்கு போடப்பட்டு, அதற்குப் பிறகும் எந்த நாட்டுக் கணக்கிலும் சேராமல் நின்றவர்களின் பிரச்சினை. போராட்டம் தொடங்கி மூன்று மாதம் போகவில்லை, அரசாங்கம் இறங்கி வந்தது. நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 1986ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்து, இந்தியப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்காமல் எஞ்சி நின்ற 94,000 பேரும் அவர்களின் வாரிசுகளும் இலங்கைப் பிரஜைகளாக வழி திறந்தது.

மூன்று மாதமும் ஆட்கள் தாங்கியிருப்பார்களா? யாருக்கும் தெரியாது, ஏனென்றால் எதிராளி அதைப் பார்க்கத் துணியவில்லை. ஏன் துணியவில்லை என்பதில்தான் நமக்குப் பாடம். முதலாவது, 1984இன் ஒன்பது நாள் எல்லோருக்கும் நினைவிருந்தது. ஒரு முறை உண்மையான கையைக் காட்டியவரின் அடுத்த மிரட்டலை யாரும் எளிதில் சோதிக்கமாட்டார்கள். இரண்டாவது, கும்பிடுகிறவர்களைக் கலைக்கப் பொலிஸை அனுப்புவது எந்த அரசாங்கத்துக்கும் சங்கடம். மூன்றாவது, வடக்கில் யுத்தம் நடந்துகொண்டிருந்த வேளையில் மலையகமும் கொதித்தால் தாங்காது என்பது கொழும்புக்குத் தெரியும். நான்காவதாக நான் முக்கியமாக நினைப்பது, கேட்டது கொடுக்கக்கூடியதாக இருந்தது. ஒரு சட்டம் போதும், திறைசேரியிலிருந்து ஒரு சதம் எடுக்கவேண்டியதில்லை. எதிராளி விலகுவதற்கு வாசல் திறந்திருக்கவேண்டும். வாசலை அடைத்துவிட்டு மிரட்டினால், விலக விரும்புகிறவரும் நின்று சண்டை போடத்தான் செய்வார்.

மைக்கில் சொன்ன தொகை

1986க்கு நேரெதிரான அனுபவம் ஆயிரம் ரூபாக் கோரிக்கை. 2015இல் கூட்டு ஒப்பந்தம் முடியும் வேளையில் காங்கிரஸின் ஆறுமுகன் தொண்டமான் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று மேடையில் சொன்னார். மெதுவாக வேலை செய்யும் போராட்டமும் நடந்தது. 2016 ஒக்டோபரில் கையெழுத்தானது அடிப்படைச் சம்பளம் 500, கொடுப்பனவுகள் எல்லாம் சேர்த்து 730 ரூபா. 2018 ஒக்டோபரில் அந்த ஒப்பந்தமும் காலாவதியானது. அதே மாதம் 24ஆம் திகதி மலையக இளைஞர்கள் காலிமுகத்திடலில் கூடி நாட்டையே திரும்பிப் பார்க்கவைத்தார்கள். டிசம்பர் 4இல் காலவரையற்ற வேலைநிறுத்தம் தொடங்கியது, இரண்டு வாரம் ஆவதற்குள் நிறுத்தப்பட்டது. 2019 ஜனவரி 28இல் அலரி மாளிகையில் வைத்துக் கையெழுத்தான ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 700, விலைக்கொடுப்பனவு 50. மொத்தம் 750. அடிப்படை கூடியதால் சேமலாப நிதிக்கு நன்மை இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் வரவு, உற்பத்திக் கொடுப்பனவுகள் போய்விட்டன. ஆயிரத்தை நம்பி நின்ற பெண்களுக்கு 730 எழுநூற்று ஐம்பதானது.

ஆட்களின் உறுதியில் குறை சொல்லமுடியாது. நேரம்தான் பிழை. ஒக்டோபர் 26இலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை நாட்டின் பிரதமர் யார் என்பதே சண்டையாக இருந்தது. கம்பனிகளை நெருக்கக்கூடிய அரசாங்கம் ஒன்று இல்லாத வாரங்களில் அந்த வேலைநிறுத்தம் நடந்தது. கொடுக்கக்கூடியவர் மேசையில் இல்லாதபோது மிரட்டலை யாரிடம் காட்டுவது?

தொகை ஒரு பொறியாகவும் ஆகிவிட்டது. ஒரு எண்ணை மைக்கில் சொல்லிவிட்டால் அதற்குக் குறைந்து வாங்குவது தோல்வியாகிவிடும். எண்ணைக் கீழே இறக்கமுடியாத தலைவர், பேச்சுவார்த்தையில் மற்றப் பக்கம் நகர்ந்து வரும்போது தானும் நகரமுடியாமல் நிற்கிறார். கடைசியில் ஆயிரம் வந்தது 2021 மார்ச் 5ஆம் திகதி வர்த்தமானியில், சம்பளம் 900 உம் கொடுப்பனவு 100 உமாக, சம்பளச் சபை வழியாக. உடனே கம்பனிகள் நீதிமன்றத்துக்குப் போயின, பல தோட்டங்களில் நாளொன்றுக்கு எடுக்கவேண்டிய கிலோ கூடியது. 2024 மே தினத்தில் கொட்டகலையில் அறிவித்த 1,700 ரூபாவும் வர்த்தமானியில் வந்து, நீதிமன்றத்தில் தடைப்பட்டு, செப்டெம்பரில் 1,350 ஆக நிலைத்தது. உங்கள் தோட்டத்தில் பேசும்போது இதை நினைவில் வையுங்கள். மடுவத்துப் பிரச்சினைக்கு எண்ணைப் பொதுக்கூட்டத்தில் கத்தாதீர்கள். கூட்டத்தில் பிரச்சினையைச் சொல்லுங்கள், எண்ணை ஆபீசுக்குள் சொல்லுங்கள்.

சொல்லும் விதம்

ஒரு உதாரணம் எடுப்போம். மழை நாளில் ஒவ்வொரு நிறுவைக்கும் தண்ணிக் கழிவு என்று இரண்டு கிலோ வெட்டிவந்தவர்கள், வெயில் நாளிலும் வெட்டத் தொடங்குகிறார்கள். எழுதிய சட்டம் எதுவும் கையில் இல்லை. ஆட்கள் கோபமாக இருக்கிறார்கள், ஆனால் வேலையை நிறுத்தத் தயாரில்லை. ஏப்ரல் கடைசி, கொழுந்து குவிந்து நிற்கிறது. மிரட்டலாம். எப்படி?

"சேர், நாளைக்கு வேலை நிறுத்தம்" என்று சொல்லவேண்டாம். நாளை என்பது திகதி. திகதி வந்தால் சீட்டைக் காட்டவேண்டும். இப்படிச் சொல்லுங்கள்:

"சேர், போன கிழமைவரைக்கும் நான் சொன்னா பொம்பளயாளுங்க கேட்டாங்க. இப்ப என் மேலயே கோவமா இருக்காங்க. நீ துரை பக்கமான்னு கேக்குறாங்க."

"என்ன செய்யப் போறாங்களாம், தலைவர்?"

"அது எனக்கே தெரியல சேர். நேத்து மடுவத்துல ரெண்டு பேர் கூடையக் கவுத்துட்டுப் போகப் பாத்தாங்க, நான்தான் நிப்பாட்டுனேன். இன்னைக்கும் நிப்பாட்ட முடியுமான்னு தெரியல."

"கழிவ முழுசா எடுக்க முடியாது. மேல பதில் சொல்லணும்."

"மழை நாளுக்கு நாங்க ஒண்ணும் சொல்லல சேர். வெயில் நாளுக்கு மட்டும் விட்டுடுங்க. நான் போய் அதைச் சொல்லிக்கிறேன்."

இதில் பொய் ஒன்றும் கிடையாது. கூடையைக் கவிழ்க்கப் போனது நடக்காவிட்டால் அந்த வரியைச் சொல்லாதீர்கள். துரை மடுவத்துக் கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டால் அத்தோடு உங்கள் சொல்லுக்கு மதிப்பில்லை. இங்கே மறைந்து நிற்பது ஒன்றுதான்: ஆட்கள் நிற்கத் தயாரில்லை என்ற விஷயம். அதை நீங்கள் சொல்லவில்லை, அவ்வளவே. 1960இல் தோமஸ் ஷெல்லிங் மோதல்களின் தந்திரம் பற்றி எழுதிய நூலில், நான் செய்வேன் என்ற மிரட்டலைவிட, நிலைமை என் கையை மீறிப்போகலாம் என்ற மிரட்டல் சில வேளைகளில் அதிகம் நம்பப்படும் என்று விளக்கியிருக்கிறார். நமக்கு அதில் இன்னொரு வசதியும் உண்டு. எதுவும் நடக்காமல் போனாலும் தலைவர் பொய் சொன்னதாக ஆகாது, ஆட்களை அடக்கி வைத்தவராகத்தான் தெரிவார்.

கடைசி வரியையும் பாருங்கள். துரைக்கு விலகிப்போக ஒரு வாசல், மேலிடத்துக்குச் சொல்ல ஒரு காரணம். மழை நாள் கழிவு அப்படியே இருக்கிறது என்று அவர் தன் அறிக்கையில் எழுதலாம்.

சீட்டைக் காட்டு என்றால்

சில துரைமார் விலகமாட்டார்கள். "சரி தலைவர், நிப்பாட்டுங்க பாப்போம்" என்பார்கள். அந்தப் பதிலுக்கு நீங்கள் ஆபீசுக்குள் போவதற்கு முன்பே தயாராக இருக்கவேண்டும். போக்கரில் நல்ல ஆட்டக்காரர்கள் முற்றிலும் வெறுங்கையோடு மிரட்டுவதைவிட, இப்போது பலமில்லாத, ஆனால் அடுத்த சீட்டில் பலமாகக்கூடிய கையோடு மிரட்டுவதையே விரும்புவார்கள். எதிராளி விலகாவிட்டாலும் ஆட்டம் முடிந்துவிடாது.

தோட்டத்தில் அப்படிப்பட்ட கை எது? ஆட்கள் நட்டமில்லாமல், அல்லது மிகச் சிறிய நட்டத்தோடு செய்யக்கூடிய ஒரு காரியம். எனக்குப் பிடித்தது ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசு. கொழுந்து குவியும் மாதத்தில் லீவு நாளில் கிலோவுக்கு இவ்வளவு என்று எடுக்கச் சொல்வார்கள். போவதும் போகாததும் ஆளின் விருப்பம். போகாதவர்மேல் நடவடிக்கை எடுக்கமுடியாது. "நிப்பாட்டுங்க பாப்போம்" என்று வியாழக்கிழமை சொன்னவர், ஞாயிற்றுக்கிழமை மலையில் பத்துப் பேரைக்கூடக் காணாவிட்டால், திங்கட்கிழமை பிரட்டுக்கு முன்பே உங்களைத் தேடுவார். வேலையே நிற்கவில்லை, ஒரு பேரும் போகவில்லை, ஆனால் வெற்றுக்கை என்று அவர் நினைத்த கை வளர்ந்துவிட்டது. கைக்காசை விடும் பெண்களுக்கும் அது வருமானம்தான் என்பதால், இதற்கும் முன்கூட்டியே சம்மதம் வாங்கவேண்டும். ஒரு ஞாயிறு கேளுங்கள், இரண்டு கேட்காதீர்கள்.

அந்தச் சின்னக் காரியத்துக்கும் ஆட்கள் வரமாட்டார்கள் என்றால் மிரட்டப் போகவேண்டாம். மாவட்டக் காரியாலயத்துக்குக் கடிதம் எழுதுங்கள், மற்றச் சங்கங்களோடு பேசுங்கள், அடுத்த கொழுந்துக் காலத்துக்குக் காத்திருங்கள்.

மிரட்டல் பலித்துவிட்டால் செய்யவேண்டியவை உடனடியானவை. துரை சம்மதித்ததை அன்றே இரண்டு வரியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ச்சொல் அடுத்த துரையோடு போய்விடும். ஒரு பிரதியை மாவட்டக் காரியாலயத்துக்கும் ஒன்றைத் தொழில் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். கடையடியில் நின்று "சும்மாதான் வெரட்டினேன், பயந்துட்டார்" என்று பெருமை பேசாதீர்கள். எங்கே சொன்னாலும் ஒரு கிழமைக்குள் பங்களாவுக்குப் போகும், அடுத்த முறை உண்மையாகவே ஆட்கள் நிற்கத் தயாராக இருக்கும் நாளில் உங்கள் எச்சரிக்கையையும் அவர் நம்பமாட்டார், நட்டம் லயத்துக்கு. அந்தக் கொழுந்துக் காலம் முடியும்வரை அதே துரையிடம் இன்னொரு மிரட்டலோடு போகவேண்டாம். இடையில் வரும் சின்னப் பிரச்சினைகளைக் கடிதத்தில் எழுதிக் கொடுத்து, திகதியோடு கொப்பியில் குறித்து வையுங்கள். கடிதத்தையும் கொப்பியையும் எப்படி வைத்துக்கொள்வது என்பது அடுத்த அத்தியாயத்தில்.